மேட்டுத் தெருவுக்கு ஒரு சைக்கிள்

சைக்கிள் வாசல் கேட்டுக்குள் நுழையவில்லை. முன்னால் பெரிய பெட்டி வைத்த பேட்டரி சைக்கிள். இப்படித் தள்ளினேன், அப்படித் தள்ளினேன். நாலு விரல் அகலத்துக்கு இடித்தது. ஊரிலுள்ள ஜன்னலையெல்லாம் அளந்து திரைச்சீலை தைக்கிறவள் நான். மாட்டிக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர். சொந்த வீட்டு கேட்டை அளக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்று சிரித்தாள் நாத்தனார். சிரித்து முடித்ததும் ஆரம்பித்தாள். "இந்தக் காசுக்குப் பழைய காரே வாங்கியிருக்கலாமே அண்ணி?"

வாங்கியிருக்கலாம். யார் ஓட்டுவது? அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, அவர் ஓட்டிக்கொண்டிருந்த வேனை விற்றாயிற்று. எனக்குத் தெரிந்தது சைக்கிள் ஒன்றுதான். எங்களுக்கு வேலை கொடுப்பவர்கள் பாதிப் பேர் மேட்டுத் தெருவில் இருக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் துணி மூட்டையோடு சாதாரண சைக்கிளை மிதித்தால் என் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய காரணங்கள். சொல்லாத ஒன்றும் இருந்தது. அவருக்குக் கால் தேறிவிட்டது, மனசுதான் தேறவில்லை. மாட்டும் வேலைக்கு யாராவது கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து மடிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அப்படியே உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னு சொன்னாங்கல்ல? கொடுத்துடு. நமக்கு எதுக்கு இந்த ஆடம்பரம்?" என்றார் அவர், படியில் நின்றபடி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஒண்ணும் துணி கொண்டுபோக மட்டும் வாங்கலைங்க. உங்களையும் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகத்தான் வாங்கினேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கி வந்து கேட்டின் கீலைத் தடவினார்.

"இதைக் கழட்டிட்டா உள்ள போயிடும். ஸ்பேனரை எடு."

மறுநாள் காலையில் பெட்டிக்குள் திரைச்சீலைச் சுருள்களுக்கு நடுவில் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் துளை போடும் மிஷின். ஏற்றத்தில் மோட்டார் முனகியது, ஆனால் நிற்கவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "மானம் போகுது, கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்றார். குரலில் பழைய கிண்டல் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டு வீட்டு டீச்சரம்மா வாசலிலேயே சைக்கிளைச் சுற்றி வந்தார். விலையைக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அவ்வளவா! போட்ட காசு தேறுமா?"

"ஓட்டுறவங்களைக் கேளுங்க. நான் வெறும் சரக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

கூடத்து ஜன்னல் உயரமானது. ஏணியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. நான் மிஷினை வாங்கிக்கொண்டேன்.

"எனக்கு இது தெரியாது. நீங்க சொல்லச் சொல்ல நான் போடறேன்."

"விழுந்துடுவ."

"நீங்க பிடிச்சுக்கங்க."

ஏறினேன். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... அங்கதான், அழுத்திப் பிடி" என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். சுவரில் முதல் துளை விழுந்து சுண்ணாம்புத் தூள் கொட்டியது. குனிந்து பார்த்தேன். தலையெல்லாம் வெள்ளையாக, நல்ல காலை முன்னால் ஊன்றி, ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.