இடது தோள் அரை இஞ்ச்

"முதல்ல அந்த நோட்டைப் பைக்குள்ள வை அக்கா, யாராவது பாத்து…"

"பைக்குள்ளதான் இருந்துச்சு. நீதான் எடு, காட்டுன்னு…"

"எனக்குக் காட்டச் சொன்னேன். கோர்ட்டுக்குக் காட்டச் சொல்லல."

"எனக்குத் தெரிஞ்சது கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாமா?"

"போன வாரம் வரைக்கும் உனக்கே தெரியாது. அப்படியே தெரியாத மாதிரி இருந்துட்டுப் போயேன்."

நீதிமன்ற வராந்தாவில் கால் ஆடும் பெஞ்சு ஒன்றில் காலையிலிருந்து அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முப்பத்தெட்டு வருஷமாக ஆண்களுக்குக் கோட்டும் பேன்ட்டும் தைப்பவள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு டெய்லரக்கா என்றே பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவளை மூன்று பேர் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், பதினோரு நாள் ஓர் அறையில் அடைத்து வைத்தார்கள். தம்பி வீட்டை விற்றுப் பணம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். பிடிபட்டது ஒருவன். அவனை அடையாளம் சொல்ல அக்காவை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அங்கே அவள் கண்ணைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். கட்டு தளர்ந்தபோது மூக்கோரமாக அவள் பார்த்தது இடது தோள் இறங்கிய ஒரு முதுகு. மூன்று முறை கதவைத் தாண்டிப் போனது. பிறகு அடையாள அணிவகுப்பில் ஏழு பேரை வரிசையாக நிறுத்தியபோது அவள் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கப்பா" என்றாள். நாலாவது ஆளின் இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. அதைத் தொட்டாள். போலீஸ் பிடித்து வைத்திருந்தவனும் அவன்தான்.

போன வாரம் இருவரும் வாடகை வீடு மாறுவதற்காகப் பழைய அளவு நோட்டுகளைக் கட்டும்போது ஒன்று பிரிந்து விழுந்தது. ஆறு வருஷத்துக்கு முந்திய பக்கம். அவன் பெயர், அவன் விலாசம். மார்பு, இடுப்பு, கை நீளம். கீழே அவள் கையெழுத்தில்: இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், மட்டம் வர உள்ளே பேட் இரண்டு.

"இது நமக்குச் சாதகம்தானே" என்றான் தம்பி. "உன் கடை அவனுக்குத் தெரியும். சொந்த வீட்டோட ஒரு தம்பி இருக்கான்னும் தெரியும். அதான் தூக்கியிருக்கான். அவனும் இத்தனை நாள் இதைப் பத்தி மூச்சு விடல பாரு."

"அப்படியும் இருக்கலாம்."

"என்ன இருக்கலாம்?"

"டேய், அன்னைக்குத் தொட்டப்போ அது தெரிஞ்ச தோளா இருந்துச்சு. அந்த ரூம்ல பாத்ததுன்னு நெனச்சேன். இப்போ கண்ணை மூடினா ரூம் வரல. கடைதான் வருது. கையில டேப்போட நிக்கிறேன், அவன் முன்னாடி நிக்கிறான்."

"ரெண்டும் ஒரே தோளா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஒரு பக்கம் தோள் இறங்கினவங்க ஊர்ல எத்தனை பேரு. உனக்குக்கூட இடது இறக்கம்தான்."

"அப்போ நான்தான் உன்னத் தூக்கிட்டுப் போனேன். உள்ள போய் அதைச் சொல்லு."

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

அரசு வக்கீலம்மா நாலு கட்டுக் காகிதத்தோடு வேகமாக வந்தார். "அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில். அந்த ஆள் இங்க இருக்காரான்னு கேப்பேன். இருக்கார்னு கையைக் காட்டுங்க. அவ்வளவுதான்."

"மேடம், இந்த நோட்டுல ஒரு…"

"ஒண்ணுமில்ல மேடம்" என்று தம்பி குறுக்கே விழுந்தான். "தையல் அளவு. பதட்டத்துல எடுத்துட்டு வந்துட்டா."

வக்கீலம்மா அடுத்த கதவுக்குப் போய்விட்டார். தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, பதினோரு நாள் நான் போனைக் கீழ வைக்கல. குளிக்கும்போதுகூடக் கையிலதான். நீ அடைஞ்சு கெடந்த ரூமைப் பத்தி எல்லாரும் கேட்டாங்க. என்னை யாரும் கேக்கல."

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறி எதிரே பார்த்தாள். அவன் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தான், கொஞ்சம் வெளிறியது. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. காலர் மடிப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது அவள் கைத் தையல்.

"உங்களைக் கடத்தினவங்கள்ல யாராவது இங்க இருக்காங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

அக்கா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீதிபதி பேனாவை நிறுத்தி, "தோளைப் பாத்துதானே அடையாளம் சொன்னீங்க? கோட்டைக் கழட்டச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க. கழட்டினாலும் அது எனக்கு முன்னாடியே தெரிஞ்ச தோள். அந்தக் கோட்டை நான்தான் தச்சேன், ஆறு வருஷத்துக்கு முன்னாடி. நோட்டுல எழுதியிருக்கு." பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "அன்னைக்கு வரிசையில நான் தொட்டது அந்த ரூம்ல பாத்த ஆளையா, கடைக்கு வந்த ஆளையான்னு இப்போ எனக்குத் தெரியல. இவரா இருக்கலாம். சத்தியம் பண்ணிட்டு அதுக்கு மேல சொல்ல முடியாதுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, கேள்வி எதுவும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோட்டுக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்திலிருந்தும் அவளால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அவள் வெளியே வந்தபோது தம்பி வராந்தாவின் மறுகோடிக்குப் போயிருந்தான். அவன் முதுகைப் பார்த்தபடியே பின்னால் போனாள். படி வந்ததும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவன் கீழே இறங்கி வாசலைத் தாண்டப் போனான்.

"தம்பி, வீட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு?"