தாய்மாமனின் டர்போ

மற்றவர்கள் காரை நிறுத்தினால் திறப்பைத் திருகுவார்கள், இறங்குவார்கள், வீட்டுக்குப் போவார்கள். பற்றிக் அப்படியான சாதாரண மனிதர் இல்லை. மொன்றியலின் லாசாலில் தன் அடுக்குமாடிக்கு முன்னால் கொண்டுவந்து விட்டபின், இஞ்சினை ஓடவிட்டபடி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் உள்ளேயே இருப்பார். டர்போ ஆறவேண்டும். கடுஞ்சூட்டோடு நிறுத்தினால் உள்ளே எண்ணெய் கருகிவிடும் என்பது மெய்தான். ஆனால் அது காட்டுவேகத்தில் ஓட்டி வந்தவனுக்குப் பொருந்துகிற நியாயம். பற்றிக் வந்தது சந்தியிலிருக்கும் தெப்பனேர் கடையில் பால் வாங்கிக்கொண்டு. மனைவி மாக்கிரட் அந்தப் பாலை மேலே கொண்டுபோய், தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் கீழே கார் உறுமிக்கொண்டிருக்கும்.

கார் எண்பத்தாறாம் ஆண்டுப் பிறப்பு. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, ஜப்பான் சாதி. விளக்கைப் போட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு கண்கள் எழும்பி வரும். இடது கண் மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். தொண்ணூற்றைந்தில் லொங்குய்யில் ஒரு கியூபெக்காரனிடம் மலிவாக வாங்கினார். விற்றவன் திறப்பைக் கொடுக்கும்போது இவரைக் கட்டிப்பிடித்தான். அது தன் இஞ்சின் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று பற்றிக் நம்பினார். பாரம் கழன்றவனுக்கும் அப்படித்தான் கை நீளும் என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

தொழிலில் அவர் துறைமுகத்துப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அதை அவர் அருமையாக ஓட்டுவார். ஒரு முட்டைப் பெட்டியைக்கூட உடையாமல் ஐந்தாம் தட்டில் ஏற்றுவார். அதைப் பற்றி ஒருநாளும் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் டர்போ பற்றித்தான். "இஞ்சின் தானா மூச்சு விடும். டர்போ எண்டா, காத்தைப் பிடிச்சு இஞ்சினுக்குத் தீத்தி விடுறது," என்று, சோறூட்டுகிற தாயைப் போலக் கையைக் குவித்துக் காட்டுவார். ஞானஸ்நான வீட்டில் காட்டினார். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் காட்டினார். ஒரு செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காட்டினார். இத்தனை இடத்திலும் யாரும் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டதில்லை. அவ்வளவு தெளிவாக விளங்கப்படுத்திவிட்டோம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு திருத்த வேலைகள் தொடங்கின. முதலில் புகைக்குழாய் போனது. பால்மாத் தகர ரின் அளவில் புதிதாக ஒன்று வந்தது. காற்றழுத்தத்தைக் கூட்டுகிற திருகாணி ஒன்று வந்தது, அதைப் பார்க்க ஒரு மீற்றர் வந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் 'ப்ஷ்ஷ்' என்று தும்முகிற ஒரு வால்வு வந்தது. இந்தத் தும்மலுக்காகவே அவர் சிவப்பு விளக்குக்கும் சிவப்பு விளக்குக்கும் நடுவில் மூன்று கியர் மாற்றுவார். கடைசியாக, எடைதான் வேகத்தின் எதிரி என்று ஒரு சஞ்சிகையில் வாசித்துவிட்டுப் பின்சீற்றைக் கழற்றினார். காரில் இருந்த எடைகளிலேயே பெரியது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றச் சொல்லிச் சஞ்சிகை எழுதவில்லை. சீற் இருந்த இடத்தில், கார் முறுகாமல் இருக்க என்று, இடமிருந்து வலமாக ஓர் இரும்புக்கம்பி வைத்து ஒட்டுவித்தார். முன்சீற்றுகளும் மாறின. பந்தயக்காரர்களின் சீற், நாலு வார்ப்பட்டி. பழைய பின்சீற் பல்கனிக்கு வந்தது. மாக்கிரட் அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

தொண்ணூற்றாறு யூலையில் அவருடைய அக்கா செல்வமலரின் மகள் சர்மிளாவுக்குக் கல்யாணம் வந்தது.

மொன்றியலில் அப்போது தமிழ்க் கல்யாணம் என்றால், வேதக்காரர் வீடோ சைவ வீடோ, மணமக்கள் ஏறுவது டொக்டர் ஜெயசங்கரின் வெள்ளைப் பென்ஸ் காரில். மதுரைக்காரர், இருபத்தைந்து வருடமாக இங்கே இருப்பவர், அரைவாசிச் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாது. செல்வமலரும் கேட்டாள், அவரும் சரி என்றார். செய்தி பற்றிக்கின் காதுக்கு வந்தது.

"தாய்மாமன் நான் உயிரோட இருக்கிறன். தேப்பன் இல்லாத பிள்ளை. ஆரோ ஒரு டொக்டரின்ரை காரில என்ரை மருமோள் கோயிலுக்குப் போறதெண்டா, நான் பேந்து ஏன் வாறன்?" என்றார்.

சொன்னபடி பலகாரச் சூட்டுக்கு வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் பலகாரம் சுடுகிற வீட்டில் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி என்ன கதை நடக்கும் என்று செல்வமலருக்குத் தெரியும். பயத்தம்பணியாரம் முதல் ஈடு இறங்குமுன் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு நாள் தாங்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மகள்தான் முடித்துவைத்தாள். "மாமான்ரை காரிலயே போறன், அம்மா. அந்தாள் பாவம்." தான் வென்றுவிட்டேன் என்று பற்றிக் அன்று இரவு காருக்கு மெழுகு பூசினார். அந்தக் கடைசிச் சொல்லை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது மருமகளும் இல்லை, மரியாதையும் இல்லை, கசற். கல்யாண வீடியோ ஆறு பிரதி எடுக்கப்படும். ரொறன்ரோவுக்கு இரண்டு, பாரிசுக்கு இரண்டு, லண்டனுக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று. இவரை ஃபோர்க்லிஃப்ட் பற்றிக் என்று மட்டும் அறிந்த அத்தனை சொந்தமும், இவர் அந்தக் காரை ஓட்டிவந்து, கதவைத் திறந்து, மணப்பெண்ணை இறக்குவதைப் பார்க்கவேண்டும். அதற்காக வீடியோக்காரரை இரண்டு தடவை வீட்டில் போய்ப் பார்த்தார். கமராவைத் தாழப் பிடித்தால் காரின் மூக்கு எடுப்பாக விழும் என்று யோசனை சொன்னார். வீடியோக்காரர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பாப்பம் என்றார்.

இத்தனை சண்டையும் பெண் கோயிலுக்குப் போவது பற்றித்தான் நடந்தது. யார் கொண்டுபோவது, எத்தனை மணிக்கு, எந்தக் கதவு. சபையில் பெண் வந்திறங்குவதுதானே கண்ணுக்குத் தெரிகிற மரியாதை. ஆகவே இரு வீட்டாரிலும், தோழன் தோழியிலும், பூக்காரியிலும், தாய்மாமனிலும், ஒரு மனிதப் பிறவிகூட அதற்குப் பிந்திய பயணத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று காலை கொத்-தே-நேஜில் செல்வமலரின் வீட்டு வாசலில், சர்மிளாவைக் காருக்குள் வைக்க மாக்கிரட்டுக்கு எட்டு நிமிடம் எடுத்தது. வெள்ளைச் சேலைக்கு மேலால் நாலு வார்ப்பட்டி. கிரீடம் கூரையில் முட்டியதால் பிள்ளை கழுத்தை ஒரு பக்கம் சரித்து, யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பவள் போல இருந்தாள். பார்க் எக்ஸ்ரென்சனில் கோயில் வரும்வரை மாமா தும்மலைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் நடைபாதைச் சனம் திரும்பிப் பார்த்தது. ரசிக்கிறார்கள் என்று அவர் மணப்பெண்ணுக்குச் சொன்னார்.

கோயில் வாசலில் சனம். குருவானவர் புத்தகத்தோடு படியில். வீடியோக்காரர், சொன்னதை மறக்காமல், முழங்காலில் தாழ இருந்து கார்க் கதவுக்குக் கமராவைப் பிடித்தார். கதவு திறக்கவில்லை. டர்போ ஆறிக்கொண்டிருந்தது. குருவானவர் ஏதோ வரவேற்புச் சொன்னார். பால்மா ரின் புகைக்குழாயின் முழக்கத்தில் அவருடைய வாய் மட்டும் அசைந்தது. ஒரு நிமிடம் போனது. வீடியோக்காரர் மற்ற முழங்காலுக்கு மாறினார்.

"மாமா, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்," என்றாள் சர்மிளா.

"பாக்கட்டும் பிள்ளை. இன்னும் ஒண்டரை நிமிசம்."

அவள் நடுப்பூட்டை ஒரு திருகுத் திருகினாள். நாலு பட்டியும் கழன்றன. தானே கதவைத் திறந்து, சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். பற்றிக் பதறிப்போய் இஞ்சினை நிறுத்திக் காரைச் சுற்றி ஓடிவந்தபோது கமரா படியேறிவிட்டது. கசற்றில் அவருடைய முழங்கை மட்டும் விழுந்தது.

பரவாயில்லை, போகிற காட்சி இருக்கிறது என்று முன்வாங்கில் இருந்து தன்னைத் தேற்றினார். அதுதான் பெரிய காட்சி. மணமக்கள் இருவரும் ஏற, பூத்தூவ, தாய்மாமன் ஸ்டியரிங்கில். அந்த நேரம் பார்த்துக் குருவானவர் பிரசங்கத்தில், இனி இவர்கள் தனித்தனி ஆட்கள் இல்லை, போகிற வழியெல்லாம் சேர்ந்தே போவார்கள் என்றார். பற்றிக்கின் விரல்கள் மடியில் மெல்ல எண்ணத் தொடங்கின. பெண் ஒன்று. மாப்பிள்ளை இரண்டு. தான் மூன்று. சீற் இரண்டு. இன்னொரு தடவை எண்ணினார். பிறகு பூசை முடியும்வரை எழும்பவேண்டிய இடத்தில் இருந்தார், இருக்கவேண்டிய இடத்தில் எழும்பினார்.

பன்னிரண்டு மணிக்கு அதே கோயிலில் ஒரு பிரெஞ்சுக் கல்யாணம். அவர்களுடைய ஆட்கள் பூங்கொத்துகளோடு படியடியில் வந்து நின்றுவிட்டார்கள். கோயில் பொறுப்பாளர் மெர்சி, மெர்சி என்று சொல்லிச் சொல்லித் தமிழ்ச்சனத்தைக் கையால் ஒதுக்கினார். ரிபன் கட்டிய காருக்கு முன்னால் சர்மிளாவும் மாப்பிள்ளை டனிஸ்ரனும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை கதவைத் திறந்து, உள்ளே குனிந்து பார்த்தார். பின்னால் வெறும் தகரம், ஒரு கம்பி, ஒரு எண்ணெய்க் கான். நல்ல பிள்ளை. பின்னால் நுழைவதற்காகக் கோட்டைக் கழற்றத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் தாய் அல்போன்சம்மா மகனின் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். பற்றிக் முந்திக்கொண்டு வழி சொன்னார். பொம்பிளை தன்னோடு வரட்டும், மாப்பிள்ளை டொக்டரின் பென்ஸில் வரட்டும், லாசால் மண்டபத்தில் சேரலாம்.

"தாலி ஏறின கையோட பிள்ளையளைப் பிரிச்சு அனுப்பிறதோ? என்ன கதை கதைக்கிறீர் தம்பி?" என்றார் அல்போன்சம்மா. அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

இருவரையும் பென்ஸில் ஏற்றலாம் என்றாள் செல்வமலர். அதற்கு வீடியோக்காரர் சம்மதிக்கவில்லை. கல்யாண வீட்டில் குருவானவருக்கு மேலான அதிகாரம் அவருடையது. வந்த கார்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் கசற்றில் ஒட்டாது என்று தீர்ப்புச் சொன்னார். டொக்டர் ஜெயசங்கர் ஒதுங்கி நின்று, யாரையும் புண்படுத்தாத குரலில், "மாப்பிள்ளையே ஓட்டிட்டுப் போகலாமே?" என்று கேட்டார். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். லைசென்ஸுக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் பெயில்.

சர்மிளா கையை நீட்டினாள். "திறப்பைத் தாங்கோ மாமா."

"பிள்ளை, இது டர்போ. கிளச் கல்லு மாதிரி. நாலாயிரத்துக்கு மேல போனா ஆளையே இழுத்துக்கொண்டு போயிடும். இது பொம்பிளையள்..."

"அவள் மருந்துக்கடை வான் ஓட்டுறாள். நாலு வரியமா. கையால கியர் போடுற வான், ஸ்நோவுக்குள்ள," என்றாள் மாக்கிரட்.

"எனக்கு ஒருதரும் சொல்லேல்லையே."

"நீங்கள் கதைச்சு முடிஞ்சாத்தானே நாங்கள் சொல்ல."

படியடியில் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பற்றிக் காற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்தார். மனைவியைத் தவிர வேறு யாரும் அந்தத் திறப்பைத் தொட்டதில்லை. அவளும் உடுப்புத் தோய்க்கும்போது பையிலிருந்து எடுத்ததுதான். சர்மிளா அதை வாங்கினாள். குதிச்சப்பாத்தைக் கழற்றித் தோழியிடம் கொடுத்தாள், கிரீடத்தைக் கழற்றிப் பக்கத்துச் சீற்றில் ஏறிய புருசனின் மடியில் வைத்தாள், சேலையை முழங்காலுக்கிடையில் சொருகினாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கார் ஒரு குலுக்கம் இல்லாமல் புறப்பட்டது. சனம் கைதட்டியது. பிரெஞ்சுக்காரர்களும் தட்டினார்கள். பூ எறிய என்று வைத்திருந்த தட்டம் பற்றிக்கின் கையில் இருந்தது.

அவரைப் பென்ஸின் பின்சீற்றில், அல்போன்சம்மாவுக்கும் செல்வமலருக்கும் நடுவில், தட்டத்தை மடியில் வைத்துச் செருகினார்கள். முன்னால் டொக்டர் ஓட்ட, பக்கத்தில் வீடியோக்காரர் கண்ணாடிக்கு ஊடாக முன்னே போகிற காரைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். டெக்காரி பெருந்தெருவில் கார் நடு லேனில், எண்பதில், ஒரே சீராகப் போனது. பற்றிக் காதைக் கூர்மையாக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு தும்மல்கூட வரவில்லை.

"கெதியா அஞ்சாம் கியருக்குப் போட்டிட்டாள். மிதிக்கிறாளில்லை," என்று முனகினார்.

"உந்தக் காரோ காலமை கோயிலெல்லாம் அதிர வந்தது?" என்றார் அல்போன்சம்மா. "இப்ப நல்ல அடக்கமாத்தானே போகுது. சத்தம் ஓட்டின ஆளின்ரையாக்கும்."

செல்வமலர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்குவது பற்றிக்கின் தோளில் தெரிந்தது.

டொக்டருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "சார், எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். இந்த டர்போ டர்போங்கறாங்களே, அது என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

ஒரு மனிதன், அதுவும் படித்த மனிதன், தானாகக் கேட்கிறான். பற்றிக் நிமிர்ந்தார். ஆறு பிரதியும் ஞாபகத்துக்கு வந்தன. முகம் இல்லாவிட்டால் குரலாவது போகட்டும். தட்டத்தை அக்காவின் மடிக்கு மாற்றிவிட்டு, இரண்டு முன்சீற்றுக்கும் நடுவால் தலையை நீட்டி, கமராவின் மைக்குக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய்த் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சின் தானா மூச்சு விடும்..."

வீடியோக்காரர் கண்ணைக் கமராவிலிருந்து எடுக்கவில்லை. "நீங்கள் கதையுங்கோ அண்ணை, பிரச்சினை இல்லை," என்றார். "உந்த இடத்துக்கு நான் எப்பவும் பாட்டுத்தான் போடுறனான்."

பற்றிக் லாசால் வரும்வரை கதைத்தார்.