திரும்பும் கோடு

மஞ்சள் நூலை நான்காம் முறை இழுத்து மாட்டிய லிலியாஸின் கை, தறிக்கு நூல் வரிசைப்படுத்தும் பாவுச் சட்டத்தின்மீது அப்படியே நின்றுவிட்டது. கதவு திறந்திருந்த அடுத்த அறையில், சன்னலோரக் கட்டிலில், அவளுடைய கணவர் கில்பர்ட் படுத்திருந்தார். அன்றைய பொழுதைத் தாண்டமாட்டார் என்று காலையில் வந்த செவிலி சொல்லிச் சென்றிருந்தாள்.

"என்ன, நின்னுட்ட?" என்றார் அங்கிருந்தபடியே.

"மஞ்சள் நாலா, எட்டா?"

"நோட்டுல என்ன இருக்கு?"

"நாலு."

"அப்புறம் என்ன கேள்வி?" என்று கண்களை மூடிக்கொண்டார்.

கேள்வி இருந்தது. கட்டத்துணியின் வண்ண வரிசை ஒரு கோடு வரைக்கும், இத்துணியில் மஞ்சள் வரைக்கும், போய், அங்கிருந்து வந்த வழியே திரும்பும். ஆகவே நோட்டில் பாதியைத்தான் எழுதுவார்கள். திரும்பும் கோட்டை முழுதாக எண்ணினால் பக்கத்தில் ஒரு சாய்கோடு இடுவது அவர் வேலைபார்த்த நெசவாலையின் வழக்கம். அதையும் பாதியாக எண்ணுகிறவர்கள் உண்டு; அவர்கள் நான்கு என்று எழுதினால் துணியில் எட்டு. கில்பர்ட்டின் நோட்டில் சாய்கோடு இல்லை.

நாற்பது ஆண்டுகள் பிறருடைய குலங்களுக்கு, அந்தந்தக் குலத்துக்கு உரிய கட்டத்துணியை நெய்தவர், ஓய்வுபெற்றபின் தம் வீட்டுக்கென்று ஒன்றை வகுத்தார்: ட்வீட் ஆற்றின் கருநீலம், கொட்டகைக் கூரையின் பழுப்பு, குன்றில் பூக்கும் முட்புதரின் மஞ்சள். அத்துணி தம் சவப்பெட்டியின்மேல் விரிய வேண்டும், அதில் ஒரு துண்டு எடின்பரோவிலுள்ள கட்டத்துணிப் பதிவேட்டுக்குப் போக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. பதிவில் ஏறும் எண்ணைத்தான் பிற்காலத்தவர் நெய்வார்கள். பிழையான எண் ஏறினால், அது அவருடைய துணியாக இராது.

வெண்ணெய் ரொட்டியுடன் வந்த கில்பர்ட்டின் அண்ணன் டங்கன், தொப்பியைக்கூடக் கழற்றாமல் நோட்டைப் பார்த்தார்.

"சாய்கோடு போட மறந்திருப்பான். நாலுன்னா நாலுதான், பொண்ணே. அம்பது வருஷம் ஆலையில துணி மாதிரிப் புத்தகம் எழுதினவன் சொல்றேன்."

"நீங்க புத்தகத்தோட குடித்தனம் பண்ணீங்க, டங்கன். நான் இவரோட பண்ணேன். காலுறை எத்தனை இருக்குன்னு கேட்டா மூணும்பார். எடுத்துப் பார்த்தா ஆறு கிடக்கும்."

கட்டிலிலிருந்து மெல்லிய சிரிப்பு எழுந்தது. "ஒத்தைக் காலுக்கு எண்ணினாப் போதாதா?"

"காலுறை வேற, துணி வேற!" என்றார் டங்கன்.

"அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"எதுக்கு வம்பு? அவனையே கேட்டுடலாம். டேய் கில்பர்ட்..."

இருவரும் ஒருங்கே திரும்பினார்கள். சிரிப்பு இன்னும் உதட்டோரத்தில் இருந்தது. மூச்சு இல்லை.

லிலியாஸ் கட்டிலில் அமர்ந்து அவருடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சன்னலுக்கு வெளியே வெயில் நன்றாக அடித்தது. டங்கன் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

மாலையில், வந்தவர்கள் தேநீர் அருந்திச் சென்றபின், அவள் பாவுச் சட்டத்திடம் திரும்பிப் போனாள். மஞ்சள் நூலை மேலும் நான்கு முறை மாட்டினாள். வாசற்படியில் நின்ற டங்கன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கோப்பைகளைக் கழுவச் சென்றார்.

அவள் துணியை நெய்து முடித்தபின், பத்தாம் நாள் அடக்கம் நடந்தது. பாதிரியார் பேசும்போதெல்லாம் டங்கனின் பார்வை பெட்டியின்மேல் விரிந்த துணியிலேயே இருந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன. அது பிரார்த்தனையன்று என்பதை லிலியாஸ் அறிந்திருந்தாள்.

"எண்ணியாச்சா?" என்று அவள் காதோடு கேட்டாள்.

"உன் பிடிவாதம் போகாதே."

"நெசவுல குறை ஏதாவது?"

"அதுல ஒண்ணும் இல்ல," என்றார் அவர், மனமில்லாமல்.

பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளைப் பிடிக்க வேண்டியவர்கள் வந்து நின்றார்கள். அதற்குமுன் துணியை எடுக்க வேண்டியிருந்தது. தலைமாட்டில் அவளும் கால்மாட்டில் அவரும் பிடித்துத் தூக்கி, நீளவாக்கில் இரண்டாக மடித்தார்கள். மடிப்பு நட்டநடுவில், மஞ்சள் கோட்டின்மேல் விழுந்தது. கருநீலம் கருநீலத்தோடும் பழுப்பு பழுப்போடும் பொருந்தின. அவள் தன் முனையைக் கொண்டுவந்து அவர் கையிலுள்ள முனையோடு சேர்த்தாள்.

டங்கனின் பெருவிரல் நகம் மடிப்பின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, நான்கு மஞ்சள் இழைகளைக் கடந்து நின்றது. மறுபுறத்தில், லிலியாஸின் விரலுக்கு அடியில், மற்ற நான்கும் இருந்தன.