சீனிக்குப் போட்ட தாழ்ப்பாள்

எதிர் வீட்டு மதீனா பீவி தன் பூனை சீனியைச் சாக்கில் கட்டித்தான் என்னிடம் கொடுத்தாள். "வழியைப் பாக்க உடாதீங்கக்கா. பாத்தா திரும்பி வந்துரும்," என்றாள். வழியாம் வழி! எதிர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற இடம்தான் இருக்கிறது.

அவள் வீட்டில் முந்தின நாள் எலி செத்து விழுந்தது. பிளேக் என்று நாமகிரிப்பேட்டையே நடுங்கிக் கிடக்கிற மாசி மாதம் இது. தடுப்பூசி போட்ட கை எனக்கு இன்னும் வீங்கியே இருக்கிறது. மதீனா மூட்டை முடிச்சோடு மேச்சேரிக்கு, அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். மறுநாள் சுகாதார ஆட்கள் வந்து அவள் வீட்டை அடைத்து விஷப்புகை விடுவதாகப் பேச்சு.

"சீனி மறுபடி உள்ள போச்சுன்னா செத்துரும்க்கா," என்று அழுதாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அர்த்தநாரிக்குப் பிடிக்கவில்லை. "எலி உழுந்த ஊட்டுப் பூனை. நமக்கெதுக்கு புள்ளே இந்த வம்பு?"

"வாக்குக் குடுத்தாச்சுங்க. இனிப் பேச்சு வேண்டாம்."

நாய் ஆளைப் பழகும், பூனை வீட்டைப் பழகும் என்பார்கள். பூனையைப் புது வீட்டுக்குப் பழக்க எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. புதிதாக வந்த பூனையை அடுப்பை மூன்று தரம் சுற்றித் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பிறகு மூன்று நாள் வெளியே விடக் கூடாது. நானும் சுற்றினேன், தாழ்ப்பாள் போட்டேன்.

சீனி பாலைத் தொடவில்லை. கதவைப் பிறாண்டியது. தூக்கப் போன என் கையைக் கிழித்தது. அன்று முழுக்கக் கத்தித் தீர்த்தது. கதவு லேசாக அசைந்தாலே ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீருக்குப் போகும்போதுகூட ஒருக்களித்துத்தான் வெளியே வந்தேன். "சனியனே, சாகறதுக்கா இப்படித் துடிக்கறே?" என்று திட்டினேன். அது கத்தக் கத்த எனக்குப் பிடிவாதம் ஏறியது.

மறுநாள் காலை ஆட்கள் வந்தார்கள். எதிர் வீட்டு ஜன்னல் சந்துகளில் மண் குழைத்துப் பூசினார்கள். பூசி முடிந்தால் என் பயமும் முடியும் என்று நினைத்தேன். சீனியோ எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் முட்டி முட்டி விழுந்தது. பொறுக்க முடியாமல் வாரி மார்போடு அணைத்துக்கொண்டேன். சேலை ஈரமானது. மூத்திரம் பெய்துவிட்டது என்று எரிச்சலோடு புரட்டிப் பார்த்தேன்.

பால். காம்பெல்லாம் வீங்கி, தொட்டால் சொட்டியது.

அடி பாவி, வீட்டுக்காகவா அழுதது அது! பூனையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "சாமி, நில்லுங்க சாமி! உள்ள குட்டி கெடக்குது!"

"யாரும் உள்ள போகக் கூடாதும்மா," என்று ஒருவர் தடுத்தார். நான் அவரோடு மல்லுக்கு நிற்கும்போதே, வம்பு வேண்டாம் என்ற மனுசன் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அட்டாலி ஏணி கிறீச்சிட்டது. "இருக்குது புள்ளே!" என்று மேலிருந்து குரல் வந்தது.

மதீனாவுக்கும் தெரியாமல் சீனி அட்டாலிப் பரணில் ஒளித்து வைத்திருந்த மூன்று குட்டிகளைத் துண்டில் கொண்டுவந்தார். இரண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாவது சில்லிட்டுக் கிடந்தது.

அடுப்போரம் பழஞ்சேலையை விரித்து மூன்றையும் விட்டேன். இரண்டும் முட்டிக் குடித்தன. சீனி அந்த மூன்றாவதைத்தான் நக்கிக்கொண்டே இருந்தது. அதைப் புதைப்பதற்காக அவர் எடுத்தபோதும் சீறவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று நாள் கணக்கு நாளையோடு முடிகிறது. கதவு காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது. சீனி வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, தாழ்ப்பாள் போட வேண்டும். எனக்குத்தான் கை வரவில்லை.