லத்தீனில் பாட்டி

காய்ச்சல் வந்தால் பாப்பா பெற்றவள் மடியில் தங்கமாட்டாள். ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். பார்க்கப் பார்க்க அம்மாக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த மாசத்தோட ஆயாவை நிறுத்திடலாம்" என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்த ஆயாவின் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதே.

பிறந்த ஈரம் காயுமுன் கையில் வாங்கிய பிள்ளை. ஆயாவுக்கு வேறு நாதியும் கிடையாது. பாப்பாவைப் பார்க்காமல் எப்படி இருப்பது என்ற ஒரே கவலையில் சோறு இறங்கவில்லை.

பாப்பாவின் அப்பா மொழிப் பேராசிரியர். சொற்களின் பூர்வீகம் கிடைத்தால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. மாதக் கடைசியில் ஒரு கல்லூரி விழாவில் 'ஆயா' என்ற சொல்லைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். "நீங்களும் மேடைக்கு வாங்க" என்று ஆயாவையும் கூட்டிப்போனார். இஸ்திரி போட்ட புடவையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள் ஆயா.

"போர்ச்சுகீசியமோ ஸ்பானியமோ, குழந்தையைப் பார்த்துக்கறவளுக்கு ஆயான்னுதான் பேர். அங்கேருந்து கப்பலேறி நம்மகிட்ட வந்த சொல். அதோட மூலம் லத்தீன்ல அவியா. அர்த்தம் என்ன தெரியுமா? பாட்டி." ஆயாவின் பக்கம் கையை நீட்டினார். "இவங்க எங்க வீட்டு வேலைக்காரி இல்லை. பாட்டி."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் தெரியும்படி துடைத்தாள்.

லத்தீன் ஊரா பேரா என்று ஆயாவுக்குத் தெரியாது. ஆனால் பாட்டியை யாராவது வேலையை விட்டு நிறுத்துவார்களா? வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு.

வீடு வந்து கார் நின்றது. ஆயாவின் மடியில் தூங்கிய பாப்பாவை அம்மாக்காரி தூக்கிக்கொண்டாள். "உங்க துணியெல்லாம் எடுத்து வச்சிட்டீங்கல்ல? காலைல கிளம்பணும்" என்றாள்.

ஆயா பேராசிரியரைப் பார்த்தாள். "பாட்டின்னு சொன்னீங்களே, ஐயா."

அவர் சிரித்தார். கடுமையாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். சொல்லியிருந்தாலாவது மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"அது லத்தீன்லம்மா" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "அடுத்த மாசம் இன்னொரு காலேஜ்ல இதே பேச்சு. கார் அனுப்பறேன், அவசியம் வந்துடுங்க."

"பாப்பாவும் வருவாளா ஐயா?"

"பாப்பா எதுக்கு? பேச்சு உங்களைப் பத்திதானே."