சுருள்குழாயின் நீளம்

1937ஆ, 38ஆ என்பது எனக்கு நிச்சயமில்லை. ஆண்டைப் பிழையாகச் சொல்லக்கூடும்.

வெள்ளவத்தை இராசமலர் வைத்திய மாணவி. ஆண் உறுப்புகளைப் பற்றிய பாடம் வந்தால் விரிவுரையாளர் பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார். தேறாவிட்டால் படிப்பை நிறுத்திக் கலியாணம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

வாய்மொழிப் பரீட்சையில் வெள்ளைக்காரப் பரீட்சகர் மேசையில் ஆணின் விதை ஒன்றை வைத்து, "விந்து போகும் வழியைச் சொல்லும்" என்றார். வெட்கப்படுவாள் என்று நினைத்திருப்பார். அவளுக்கோ அது தெரிந்த தெருவாக இருந்தது.

"உள்ளே நூல்போன்ற நுண்குழாய்களில் விந்து உண்டாகிறது. பின்பக்கத்துச் சுருள்குழாயில் பல நாள் கிடந்து நீந்தும் பலம் பெறுகிறது. பிறகு தடித்த குழாய் வழியே மேலே போகிறது."

"சுருளை நீட்டினால்?"

"மனிதனில் இருபதடி. ஆட்டில் அதைவிட மிக நீளம். பிரித்துப் பார்த்தேன்; என் பொறுமைதான் முடிந்தது."

"ஆட்டு விதை யார் தந்தது?"

"இறைச்சிக்கடை தாஸிம் நானா. 'கறிக்கெண்டா இதவிட நல்ல துண்டு இரிக்கி தங்கச்சி' என்பார். நாங்கள் சைவம், ஐயா."

பரீட்சகர் சிரித்துவிட்டார்.

இராசமலர் தேறி, கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் வைத்தியம் பார்த்தாள். பரீட்சகர் ஓய்வுபெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பா கடைசிக்காலத்தில் அவளோடுதான் இருந்தார். தாஸிம் நானா தெஹிவளையில் இன்னொரு கடை திறந்தார்.