வைஃபைக்கு ஒரு கோப்பு குறைகிறது

1

இது என் கற்பனை இல்லை. பத்தமடையில் எங்கள் பக்கத்து வீட்டு அர்ஷியா மதில்மேல் கையூன்றிச் சொன்னது. "எழுதுனா பேர மாத்திருங்கக்கா" என்றாள். மாற்றிவிட்டேன்.

முதல் வரிதான் அமையவில்லை. 'தாமிரபரணிக் காற்று சன்னல் வழியே…' வேண்டாம். களைப்பாக இருக்கிறது. நடந்ததையே சொல்கிறேன்.

2

அர்ஷியாவுக்கு அரபி நன்றாக வரும். அன்று மதியம் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்குக் கணினி வழியாக நேர்காணல். காலையில் பார்த்தால் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் எழவேயில்லை. பென்டிரைவில் இருந்த லினக்ஸைப் பதியத் தொடங்கினாள். பாதியில் நின்றது: வைஃபையை இயக்கும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லையாம். அது இணையத்தில் கிடைக்கும். இணையத்துக்குள் போக அது வேண்டும்.

(இங்கே வாழ்க்கையோடு ஒப்பிட்டு ஒரு உவமை எழுதி அடித்துவிட்டேன். உவமையை வைத்து அவள் என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியது நெட் உள்ள ஃபோன்.)

3

அந்த வீட்டில் அப்படி ஒரே ஒரு ஃபோன்தான். அது கணவர் அலி அஸ்கர் கையில். சவூதியில், தமாமில் பார்த்த வேலை போய் ஊர் திரும்பியவர். வேறு வேலைக்கு அங்கிருந்து ஏஜென்ட் கூப்பிடுவான் என்று அதைக் கீழே வைப்பதில்லை.

"ஏங்க, ஃபோன வயர்ல மாட்டித் தாரீங்களா? ஒரு கோப்பு இறக்கணும்."

"ஏளா, ஏஜென்ட் கூப்பிட்டாம்னா?"

"இறங்குனதும் தந்துருதேன். பைய வைங்க. வயர் லூசு, தொட்டாலே நெட்டு போயிரும்."

வைத்தார். கோப்பு இறங்கிக்கொண்டிருக்கையில் ஃபோன் அடித்தது. தமாம் எண்.

4

நான் முதலில் எழுதிய முடிவில் அவர் பாய்ந்து ஃபோனை எடுக்கிறார், வயர் கழன்று, அர்ஷியா அழுது…

அவள் சொன்னது வேறு. அலி அஸ்கர் கையை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார். ஃபோன் அடித்து ஓய்ந்தது.

கோப்பு வந்தது. வைஃபை வேலை செய்தது. வயரைக் கழற்றி ஃபோனை நீட்டி, "இப்பக் கூப்பிடுங்களேன்" என்றாள்.

"பொறவு பாத்துக்கிடலாம்ளா" என்று பையில் போட்டுக்கொண்டார்.

நேர்காணல் நடந்தது. பதில் இன்னும் வரவில்லை. அவரும் இன்றுவரை தமாமுக்குக் கூப்பிடவில்லை.

5

அந்த அழைப்பை அவளுக்காக விட்டாரா, திரும்பிப் போகத் தெம்பில்லாமல் விட்டாரா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே உண்மை மாதிரித்தான் இருந்தன.

"நீ கேக்கலையா?" என்றேன்.

"கேட்டா திரும்பத் தமாமுக்குக் கெளம்பிருவாங்களோன்னு இருக்குக்கா."

இதற்குமேல் ஒரு வரி வேண்டும். நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். அர்ஷியாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.